அடிப்படை குறைந்த மாணவரும் கடினமான அறிவியல் கல்லூரியும்: ஆயத்த வகுப்பிலிருந்து கூட்டுப் பயிலரங்கு வரை

முன்னுரை

பெயர் பெற்ற ஓர் அறிவியல் கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவர் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. ஒருவர் பள்ளியிலேயே நுண்கணிதத்தைக் கரைத்துக் குடித்து, ஆய்வகத்தில் கைபழகி வருகிறார். இன்னொருவரும் தம் பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவர்தான். ஆனால் அந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். இரண்டாமவர் முதல் பருவத்தில் சறுக்கினால், ‘அடிப்படை போதவில்லை’ என்ற ஒற்றை வரியில் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த வரியில் உண்மை இருக்கிறது, விளக்கம் இல்லை. ஏறக்குறைய ஒரே அளவு தயாரிப்போடு வந்தவர்கள் ஒரு கல்லூரியில் கரையேறி, இன்னொன்றில் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்றால், காரணத்தின் ஒரு பகுதியைக் கல்லூரிக்குள்ளேயே தேட வேண்டும். இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரிகள் 1849 முதல் தந்துவந்த விடைகளையும், அவை மாறிய விதத்தையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது. பதிவுகளும் மதிப்பீடுகளும் அங்குதான் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு இது: தயாரிப்புக் குறைந்த மாணவரைத் தனியே நிறுத்தி எளிய பாடம் கொடுத்தபோது அறிவியல் படிப்பு பெரும்பாலும் அவர் கைநழுவிப் போனது, கடினமான பாடத்துக்குள்ளேயே, கூட்டாக, கூடுதல் நேரம் உழைக்கும் ஏற்பாட்டைக் கல்லூரியே செய்தபோது அது அவருக்கு வசப்பட்டது.

முதல் விடை: தனியே நிறுத்தித் தயார்செய்தல்

1849-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது நடத்திய முதல் வகுப்பே ஆயத்த வகுப்புதான். கல்லூரிப் பாடத்தைத் தாங்கும் பள்ளிக் கல்வியோடு வருவோர் அன்றைய விஸ்கான்சினில் அரிது. 1865-இல் வகுப்புகளைத் தொடங்கிய வாசர் பெண்கள் கல்லூரியும் ஓர் ஆயத்தப் பிரிவோடுதான் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய பிரிவு இருந்தது. குறை ஊருக்குப் பொதுவானது. பள்ளி இல்லாத இடத்தில் கல்லூரியே பள்ளியின் வேலையையும் செய்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகள் பெருகியதும் இந்தப் பிரிவுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விஸ்கான்சின் 1880-இல் தன் ஆயத்தப் பிரிவை மூடியது.

1960-களில் நிலைமை வேறு. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, அதுவரை வெள்ளையரே நிறைந்திருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களைக் கணிசமாகச் சேர்க்கத் தொடங்கின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-இல் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற கோடைக்கால முன்பயிற்சியை ஏற்படுத்தியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் தன் கதவை உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லா நகர மாணவருக்கும் திறந்தது. இப்போது தயாரிப்புக் குறைந்தவர்கள் வளாகத்தில் சிறுபான்மையினர். சுற்றிலும் இருந்தவர்கள் நன்கு தயாராகி வந்தவர்கள். ஆனாலும் பல வளாகங்களில் கொடுக்கப்பட்டது பழைய மருந்துதான்: மதிப்பெண் கணக்கில் சேராத ரெமிடியல் வகுப்பு, அதோடு ஒரு தனிப்பயிற்சி மையம். முதலில் குறையைச் சரிசெய்துகொள், பிறகு உள்ளே வா என்பது அதன் உள்ளர்த்தம்.

கலைப் பாடங்களில் ஓரளவு தாக்குப்பிடித்த இந்த ஏற்பாடு அறிவியலில் இரண்டு இடங்களில் முறிந்தது. அறிவியல் பாடங்கள் சங்கிலியாகக் கோத்தவை. நுண்கணிதம் முடியாமல் இயற்பியல் இல்லை, இயற்பியல் முடியாமல் பொறியியலின் முக்கியப் பாடங்கள் இல்லை. கணிதத்தில் ஓராண்டு பின்தங்கியவர் எல்லாவற்றிலும் ஓராண்டு பின்தங்குகிறார். உதவித்தொகையின் காலக்கெடு அவருக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த முறிவு மாணவரின் மனத்தில் நேர்ந்தது. தம் பள்ளியில் தலைசிறந்தவராக இருந்து, பெரும் பல்கலைக்கழகத்தில் சாதிக்க வந்தவரை நோக்கி, உனக்குப் பள்ளிப் பாடமே மறுபடி வேண்டும் என்றால் அவர் அந்த வகுப்பின் பக்கமே போவதில்லை. உதவி தேவைப்பட்டவரே உதவியைத் தவிர்த்தார்.

பெர்க்லி: கேள்வியைத் திருப்பிப் போட்டவர்

இந்த இடத்தில் திருப்புமுனையாக அமைந்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் நடத்திய ஆய்வு. 1970-களின் நடுவில் அவர் அங்கு முதுநிலை ஆய்வு மாணவர். முதல் பருவ நுண்கணிதத்தை முடித்த கறுப்பின மாணவரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் டி அல்லது எஃப் தரநிலை பெற்றுவந்த காலம் அது. காரணம் என்ன என்று அவர் ஆசிரியர்களைக் கேட்டபோது நான்கு விடைகள் திரும்பத் திரும்ப வந்தன: ஊக்கம் இல்லை, பள்ளித் தயாரிப்பு இல்லை, குடும்ப ஆதரவு இல்லை, வருமானம் இல்லை. இந்த நான்கையும் அவர் சோதித்துப் பார்க்க முனைந்தார். 20 கறுப்பின மாணவர், 20 சீன அமெரிக்க மாணவர் என இரு குழுக்களை எடுத்துக்கொண்டு, நூலகத்திலும் விடுதி அறையிலும் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார்.

நான்கு விடைகளும் ஆட்டம் கண்டன. கறுப்பின மாணவர்களின் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகப் பெரும் தியாகங்களைச் செய்திருந்தன. மாணவர்களுக்கும் ஊக்கக்குறை இல்லை. நுழைவுத் தேர்வில் கணித மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களே நுண்கணிதத்தில் தடுமாறிய நிகழ்வுகளும் இருந்தன. ஆகவே பள்ளித் தயாரிப்பின் அளவை மட்டும் வைத்து முடிவைக் கணிக்க இயலவில்லை. தெளிவான வேறுபாடு படிக்கும் முறையில் இருந்தது. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டுப்படிப்பு என்று ஆசிரியர் சொன்னதை நம்பிக் கறுப்பின மாணவர்கள் வாரம் 8 மணி நேரம் உழைத்தார்கள், தனியாக. நண்பர் வட்டம் ஒருபுறம், படிப்பு மறுபுறம் எனப் பிரித்து வைத்திருந்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் ஏறத்தாழ 14 மணி நேரம் செலவிட்டார்கள். அதில் 8 முதல் 10 மணி தனியாக. மீதி நேரம் மாலையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டபடி ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் வராத கணக்கு எது, தனக்கு மட்டும் வராத கணக்கு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவருக்கு அது தெரிய வழியில்லை. கணக்கு வரவில்லை என்றால் குறை தன்னுடையது என்றே அவர் முடிவு கட்டினார்.

இதிலிருந்து 1978-இல் பிறந்ததுதான் பெர்க்லியின் கணிதப் பயிலரங்கு. சிறுபான்மை மாணவர் முன்னேற்றத்தில் அக்கறை கொண்ட, லியோன் ஹென்கின் போன்ற தர்க்கவியல் அறிஞரும் அடங்கிய பேராசிரியர் குழு இதற்குத் துணை நின்றது. ரெமிடியல் என்ற பேச்சே எழாமல், சிறப்பு மாணவருக்கான திட்டமாக இது அறிவிக்கப்பட்டது. 5 முதல் 7 பேர் கொண்ட சிறு குழுக்கள் வாரம் இருமுறை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அமர்ந்து, வீட்டுப்பாடத்தை விடக் கடினமான கணக்குத்தாள்களோடு மல்லுக்கட்டின. பயிற்றுநர் பாடம் நடத்தவில்லை. சுற்றி வந்து, சிக்கிய இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

இந்த ஏற்பாடு அடிப்படைக் குறையை எப்படி நிரப்புகிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டலாம். ஓர் எண்ணை அதன் மட்டு மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும் சார்பு பூச்சியத்தில் வகையிடத்தக்கதா? பள்ளியில் விதிகளை மனப்பாடம் செய்து வந்தவர் பெருக்கல் விதியை எடுப்பார். மட்டு மதிப்புச் சார்புக்குப் பூச்சியத்தில் வகைக்கெழு கிடையாது, எனவே இந்தப் பெருக்கலுக்கும் கிடையாது என்று முடிப்பார். தனியறையில் இந்தத் தவறு தவறாகவே உறைந்துவிடும். குழுவில் ஒருவர் வரைபடம் வரைந்து, வளைவு பூச்சியத்தில் வழுவழுப்பாகத்தானே போகிறது என்பார். மூன்றாமவர் வரையறைக்குப் போய் விகிதத்தை எழுதுவார். அது சிறிய மாற்றத்தின் மட்டு மதிப்பாகச் சுருங்கி, எல்லை பூச்சியம் ஆகிவிடும். அப்படியானால் பெருக்கல் விதி என்ன சொல்கிறது? இரு சார்புகளும் வகையிடத்தக்கவை என்றால் பெருக்கலும் அப்படியே என்கிறது. மறுதலையை அது சொல்லவில்லை. இந்த ஒரு கணக்கில் வரையறை, வரைபடம், நிபந்தனைக் கூற்றின் தர்க்கம் ஆகிய மூன்று பள்ளிக் குறைகள் வெளியே வந்து சரியாகின்றன. அவற்றைச் சரிசெய்ய யாரும் பள்ளிப் பாடத்துக்குத் திரும்பவில்லை.

பயிலரங்கின் முதல் சில ஆண்டுகளை ஆராய்ந்து ராபர்ட் ஃபுல்லிலவ்வும் டிரைஸ்மனும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை, பயிலரங்கில் இருந்த கறுப்பின மாணவர்கள் பி-மைனஸ் அல்லது அதற்கு மேல் பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்ததாகக் காட்டியது. பாடமும் தேர்வும் மாறவில்லை என்பது இதில் முக்கியம்.

சேவியரும் மேரிலாந்தும்

பெர்க்லி மாணவர்கள் எப்படியும் பள்ளியில் சிறந்தவர்கள். உண்மையிலேயே அடிப்படை குறைந்து வந்தவர்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு நியூ ஆர்லியன்சின் சேவியர் பல்கலைக்கழகம் விடை தருகிறது. கறுப்பின மாணவர்களுக்காகக் கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய இந்தச் சிறு நிறுவனத்துக்கு, பிரித்துவைக்கப்பட்ட வசதி குறைந்த பள்ளிகளிலிருந்தே பலர் வந்தார்கள். நார்மன் ஃபிரான்சிஸ் தலைவராக இருந்த காலத்தில், வேதியியல் ஆசிரியர் ஜே.டபிள்யூ. கார்மைக்கேலும் சக ஆசிரியர்களும் 1977-இல் ‘சோர்’ என்ற கோடைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஆர்தர் விம்பே வகுத்த இணைப்பயிற்சி அதில் முக்கிய இடம் பெற்றது. இருவரில் ஒருவர் கணக்கைப் போடும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் ஒவ்வொரு அடியையும் கேட்டு, எங்கே தாவினாய், ஏன் அப்படி எடுத்தாய் என்று மறிக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். அவசரத்தில் வாசித்து ஊகத்தில் விடை எழுதும் பழக்கம் இதில் அம்பலப்படும்.

சேவியர் கோடையோடு நிற்கவில்லை. முதலாண்டு வேதியியலை யார் நடத்தினாலும் ஒரே பயிற்சிநூல், அடிக்கடி சிறுதேர்வு, கூட்டுப் படிப்பு என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் உடன்பட்டார்கள். ஒவ்வொரு பேராசிரியரும் தம் போக்கில் நடத்தும் சுதந்திரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார்கள். ஏறத்தாழ 3,000 மாணவர் மட்டுமே கொண்ட அந்தக் கல்லூரி, 1990-களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு மிக அதிகமான கறுப்பின மாணவரை அனுப்பும் நிறுவனமாக உயர்ந்தது.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில், ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் இணையரின் நன்கொடையோடு 1988-இல் உருவான மேயர்ஹாஃப் திட்டம் அடுத்த கட்டம். ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி வழிநடத்திய இத்திட்டத்தின் முதல் அணியில் 1989-இல் சேர்ந்தவர்கள் 19 கறுப்பின இளைஞர்கள். ஆறு வாரக் கோடைப் பயிற்சி, கட்டாயக் கூட்டுப் படிப்பு, தொடக்கத்திலிருந்தே ஆய்வகப் பணி ஆகியவை இதன் தூண்கள். பெர்க்லியின் பாடங்களை ஒரு வகுப்பிலிருந்து முழு நான்கு ஆண்டுப் படிப்புக்கும் விரித்ததே இதன் பங்களிப்பு. கோவிட் தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மேகியா கார்பெட் இத்திட்டத்தில் படித்தவர்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு தேர்வுச் சாய்வு. பயிலரங்குக்கு வருபவர் ஏற்கெனவே ஊக்கம் உள்ளவர். அவர் எங்கிருந்தாலும் தேறியிருப்பார் என்று வாதிடலாம். பெர்க்லித் தரவுகளை மட்டும் வைத்து இதை முற்றாகத் தள்ள முடியாது. மேயர்ஹாஃப் மதிப்பீடு இங்கே கைகொடுக்கிறது. திட்டத்தில் இடம் கிடைத்தும் ஏற்காமல் வேறு கல்லூரிக்குப் போனவர்களை அது ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கொண்டது. தகுதியில் நிகரான அவர்களைவிட, சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் படிப்புக்குச் செல்வது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். ஏற்றவர்க்கும் மறுத்தவர்க்கும் மனப்போக்கில் ஏதோ வேறுபாடு இருந்திருக்கலாம் என்பது உண்மையே; ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை அது தனியாகச் சுமக்காது. மேயர்ஹாஃப் மாணவர்கள் நன்கு தயாரானவர்கள் என்பதால் அந்தச் சான்று அடிப்படை குறைந்தவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. அந்த இடத்தை நிரப்புவது சேவியரின் அனுபவம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. தயாரிப்புக் குறைந்தவரைக் கடினமான கல்லூரியில் சேர்ப்பதே அவருக்குக் கேடு, நடுத்தரக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் அறிவியலிலேயே பட்டம் பெற்றிருப்பார் என்பது அது. ராஜர்ஸ் எலியட்டும் உடன் ஆய்வாளரும் 1996-இல், மிகக் கடுமையாகத் தேர்ந்தெடுக்கும் நான்கு கல்லூரிகளில் அறிவியலைக் கைவிடுவதற்கும் சக மாணவரோடு ஒப்பிட்ட தயாரிப்புக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். பீட்டர் அர்சிடியாகோனோவும் இணை ஆசிரியர்களும் 2016-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களின் 1990-களின் தரவை வைத்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கணக்குகளை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அவை அளந்தது அப்போது இருந்தபடி இருந்த கல்லூரிகளை. வளாகத்தின் கற்பிக்கும் முறையை மாறாத ஒன்றாக வைத்துக்கொண்டு, மாணவரை மட்டும் இடம் மாற்றிப் பார்க்கும் கணக்கு அது. டிரைஸ்மனின் சோதனை மாணவரை இடம் மாற்றாமல் முறையை மாற்றிப் பார்த்தது. அந்தக் கலிபோர்னியாத் தரவுகளின் உச்சியில் இருக்கும் பெர்க்லி வளாகமே அதன் களம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரே செய்தி: எதையும் மாற்றாமல் சேர்த்துக்கொள்வது தீங்கு செய்யலாம், மாற்றிச் சேர்ப்பது பயன் தரும்.

மூன்றாம் மறுப்பு தரம் பற்றியது. கூட்டுப் படிப்பு, செயல்வழிக் கற்றல் என்றெல்லாம் போனால் பாடத்தின் கறார்த்தன்மை நீர்த்துப்போகும் என்ற அச்சம் பேராசிரியர்களிடம் உண்டு. வடிகட்டுவதே முதலாண்டுப் பாடத்தின் கடமை என்பதும் இதன் இன்னொரு வடிவம். வடிகட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதை எலைன் சீமோரும் நான்சி ஹெவிட்டும் ஏழு வளாகங்களில் ஆராய்ந்து 1997-இல் நூலாக வெளியிட்டார்கள். அறிவியலை விட்டுப்போனவர்களும் தொடர்ந்தவர்களும் திறமையில் பெரிதாக வேறுபடவில்லை; கற்பித்தலின் குறையையும் பாடத்தின் வேகத்தையும் இரு சாராருமே சொன்னார்கள். அந்த வடிகட்டி தகுதியைப் பார்த்துப் பிரிக்கவில்லை என்பதே இதன் பொருள். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்து, வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி வாய்ப்பு செயல்வழி வகுப்பைவிட ஒன்றரை மடங்கு என்று கண்டது. 2020-இல் வந்த எல்லி தியோபால்ட் குழுவின் தொகுப்பு, செயல்வழி வகுப்புகளில் பின்தங்கிய பிரிவினருக்கும் மற்றவருக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 சதவீதம் குறைந்ததாகக் கூறுகிறது. தேர்வை இலகுவாக்கி இந்த விளைவு வந்திருந்தால் எல்லா மதிப்பெண்ணும் உயர்ந்திருக்கும். இடைவெளி இந்த அளவு சுருங்கக் காரணம் இருந்திராது.

இந்தியச் சூழலில்

இந்தியாவில் இக்கேள்வி 1973-இல் கூர்மையடைந்தது. அவ்வாண்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வந்தது. பின்னர், தளர்த்திய தகுதி மதிப்பெண்ணையும் எட்டாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஏற்படுத்தப்பட்டது. அதில் தேறினால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதாமல் பி.டெக். முதலாண்டில் சேரலாம். இடத்தை உறுதி செய்து, படிக்க ஓராண்டு தரும் இந்த ஏற்பாடு அமெரிக்க ரெமிடியல் வகுப்பைவிட நேர்மையானது. ஆனாலும் அடிப்படையில் அது 1849-இன் விடைதான். ஓராண்டு தனியே தயார்செய்து உள்ளே அனுப்பிய பின் முதலாண்டு வகுப்பு பழையபடியே நடக்கிறது.

இடஒதுக்கீட்டில் வரும் மாணவர் கடினமான கல்லூரியில் திணறிப் போவார் என்ற வாதத்துக்கு இந்தியாவிலேயே ஒரு விடை உண்டு. சுரேந்திரகுமார் பாக்டே, டென்னிஸ் எப்பிள், லோவெல் டெய்லர் மூவரும் ஓர் இந்திய மாநிலத்தின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் தரவை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், இடஒதுக்கீடு மாணவர்களை மேம்பட்ட கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றதையும், அதனால் அவர்கள் படிப்பில் பாதிப்பு நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்பதையும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. தமிழ்வழியில் படித்து, ஆங்கிலப் பாடநூலோடு முதல் பருவத்தைத் தொடங்குவோர் இவர்களில் பலர். கல்லூரிகள் பொதுவாக வைத்திருக்கும் விடை, வகுப்பு தொடங்கும் முன் சில வாரப் பிரிட்ஜ் கோர்ஸ். மேலே கண்ட வரலாறு சரியென்றால், அந்தச் சில வாரங்களுக்குப் பிறகு வரும் இரண்டு பருவங்களில்தான் முடிவு தீர்மானமாகிறது. அரியர் விழத் தொடங்குவதும் அப்போதுதான்.

வேறொரு திசையிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. விண்ணப்பித்தவர் அந்தப் படிப்பின் முதல் நான்கு வாரப் பாடத்தையே படித்துத் தகுதித் தேர்வு எழுதுகிறார், தேறினால் சேர்கிறார். பள்ளியில் என்ன கிடைத்தது என்பதை விடுத்து, கல்லூரிப் பாடத்தைக் கொடுத்தால் என்ன செய்கிறார் என்பதை அது அளக்கிறது. சேர்க்கையில் இது பெரிய முன்னேற்றம். சேர்ந்த பின் தனித்திருந்து படிப்பவரைக் கூட்டாகப் படிக்கவைப்பது இணையவழிப் படிப்பில் இன்னும் கடினமான வேலை.

முடிவுரை

இந்த வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதலில் குறை ஊருடையது என்று கருதிக் கல்லூரி பள்ளியை நடத்தியது. பிறகு குறை மாணவருடையது என்று கருதி அவரைத் தனியே நிறுத்தியது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து சில இடங்களில் கல்லூரி தன் முதலாண்டையே திருத்திக்கொண்டது. மூன்றாவதுதான் அறிவியல் பட்டங்களைக் கணிசமாக ஈட்டித் தந்தது. இதனால் பள்ளித் தயாரிப்பு முக்கியமில்லை என்று ஆகிவிடாது. வேதியியலில் சமன்பாடு தெரியாதவரைக் கூட்டுப் படிப்பு மட்டும் காப்பாற்றாது என்பதால்தான் சேவியர் கோடைப் பயிற்சியையும் விடவில்லை. ஆனால் கோடைப் பயிற்சி, பயிற்சிநூல், சிறுதேர்வு, குழு எல்லாம் அங்கே ஒரே பாடத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. அந்தப் பாடம் யாருக்காகவும் இறக்கப்படவில்லை.

இதற்கு விலை உண்டு. சிறு குழுக்களுக்குப் பயிற்றுநர் வேண்டும், நல்ல கணக்குத்தாள் எழுத நேரம் வேண்டும், ஆசிரியர்கள் பொதுவான ஒழுங்குக்கு உடன்பட வேண்டும். பணத்தைவிட இந்த உடன்பாடே அரிது. ஒதுக்கீட்டு ஆணையை அரசு ஒரே நாளில் போட்டுவிடலாம். முதலாண்டு நுண்கணிதம் எப்படி நடக்கிறது என்பதைத் துறையின் ஆசிரியர்கள்தான் மாற்ற முடியும். ஆகவே தயாரிப்புக் குறைந்த மாணவரின் தோல்வி விகிதத்தை வெளியிடும் கல்லூரி, அதோடு இன்னொரு விவரத்தையும் வெளியிடுவதே முறை: முதல் இரண்டு பருவங்களில் அந்த மாணவர் கடினமான கணக்கை மற்றவரோடு சேர்ந்து போட, வாரத்தில் எத்தனை மணி நேரத்துக்குக் கல்லூரி ஏற்பாடு செய்திருந்தது? அந்த எண் இல்லாமல் தோல்வி விகிதத்தை மட்டும் வைத்து மாணவரின் தகுதியைப் பற்றி முடிவெடுக்க ஆதாரம் போதாது.